சண்டை மீனின் செட்டைச் சிதைவு: காரணம் அறிதலும் பரிகாரமும்

கொக்குவிற் பகுதியிலே வெங்காயமும் கத்தரியும் மிளகாயும் பயிரிடும் கமக்காரர் வீடுகளில், யன்னற் படியிலோ திண்ணையோரத்திலோ ஒரு கண்ணாடிப் போத்தலும் அதனுள் நீண்ட வாலை விரித்துத் திரியும் ஒரு மீனும் இருத்தல் இக்காலத்தில் அரிய காட்சியன்று. பிள்ளைகள் இதனைப் ‘பைற்றர்’ என்பர். தமிழிற் சண்டை மீன் எனலாம். சில வீடுகளில் இளைஞர் இருபது முப்பது போத்தல்களை வரிசையாக வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்து விற்றுச் சிறு வருவாயும் பெறுகின்றனர். இத்தகைய வீடுகளிலிருந்து எழும் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றே: நேற்றுவரை பட்டுத்துணி போல இருந்த வால் இன்று புழு அரித்த இலை போலக் கிழிந்து கிடக்கின்றது என்பது. பிள்ளைக்கு அது ஒரு மீனின் துன்பம். விற்பனைக்கு வளர்ப்பவனுக்கோ ஒரு போத்தலிற் கண்ட குறி, கவனியாதுவிடின், கிழமையொன்றுக்குள் எல்லாப் போத்தல்களுக்கும் பரவக்கூடிய நட்டம்.

வால் கிழிந்தவுடன் கடைக்கு ஓடி நிறமுள்ள மருந்தொன்றை வாங்கி ஊற்றுவதே பலரின் வழக்கம். கத்தரியிலை வாடியவுடன், வேரிலே நீர் தேங்கியதா, தண்டிற் புழு புகுந்ததா, வாடல் நோயா என்று பாராமற் கைக்கு அகப்பட்ட நாசினியை விசிறுபவனின் செயலுக்கும் இதற்கும் வேற்றுமை இல்லை. செட்டை சிதைவதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் மருந்து வேண்டுவன மிகச் சில. ஆகவே காரணத்தை அறிதலே முதல் வேலையாகும்.

மீனின் பிறப்பிடம்

சண்டை மீனின் தாயகம் சீயம் எனப்பட்ட தாய்லாந்து நாடு. அங்கு நெல் வயல்களிலும், வாய்க்கால்களிலும், புல் மண்டிய ஆழமற்ற நீரிலும் இது வாழும். 1840ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசர் மூன்றாம் இராமா வழங்கிய மீன்கள் தியோடர் கன்ரர் என்னும் வைத்தியரின் கைக்கு எட்டின. அவர் 1849இல் அவற்றைப்பற்றி எழுதினார். இன்று வழங்கும் விஞ்ஞானப் பெயராகிய ‘பெற்றா இசுப்பிளெண்டன்சு’ என்பதை 1910இல் இட்டவர் இங்கிலாந்தைச் சேர்ந்த தேற்று இரீகன் என்பவர். 2019ஆம் ஆண்டில் தாய்லாந்து அரசாங்கம் இதனைத் தன் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவித்தது.

வயலில் வாழும் சண்டை மீனுக்கு வால் குட்டையானது. கடைகளிற் காணும் நீண்ட வால், பல தலைமுறைகளாகத் தெரிந்தெடுத்து இனங்கூட்டியதன் பயன். மிகையாக வளர்ந்த நெடிய நெற்பயிர் காற்றிற் சாய்வது போல, இம்மீனும் தன் வாலின் பாரத்தைத் தானே சுமக்க மாட்டாது களைப்பதுண்டு. செட்டையின் பரப்புப் பெருகப் பெருக அது கிழியும் வாய்ப்பும், கிழிந்த இடத்தில் நோய் புகும் வாய்ப்பும் பெருகும். எனவே மீன் வாங்கும்போது மிகப் பெரிய வாலுள்ளதே சிறந்தது என்று கொள்ளுதல் தவறு. முதன்முதல் வளர்ப்பவர்க்குக் குட்டை வாலுள்ள வகையே ஏற்றது.

இம்மீனுக்குப் பூக்களுக்கு மேலாக வளியைச் சுவாசிக்கும் ஓர் உறுப்பும் உண்டு. விராலும் பனையேறியும் சேற்றுக் குட்டையில் உயிர் தாங்குவது போல, இதுவும் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயால் வளியைக் குடித்து உயிர் வாழும். சிறு போத்தலிலும் இது சாகாதிருப்பதற்குக் காரணம் இதுவே. ஆனால் சாகாதிருத்தல் வேறு, நலமாயிருத்தல் வேறு. ஒட்சிசன் குறைவை இம்மீன் தாங்குமேயன்றி, நீரிற் கலந்த நஞ்சைத் தாங்காது.

கிணற்று நீரும் போத்தல் நீரும்

கொக்குவிற் கிணறுகள் சுண்ணாம்புக்கற் பாறையிற் பொசியும் நீரை உடையவை. ஆதலால் அந்நீர் வன்னீர். காரத்தன்மை சற்று மிகுந்தது. கேத்தலின் அடியிற் படியும் வெண்ணிறப் படிவு இதற்குச் சான்று. வன்னீரினால் மட்டும் சண்டை மீன் இறப்பதில்லை. படிப்படியாகப் பழக்கினால் அது பொறுத்துக்கொள்ளும். ஆனால் காரநீரில் வேறொரு கேடு உண்டு.

மீன் பூக்கள் வழியாகவும் கழிவு வழியாகவும் அமோனியாவை வெளிவிடுகின்றது. தின்னாது விட்ட தீனும் அழுகி அமோனியாவாகும். நீரின் அமில காரக் குறி 7 ஆக இருக்கையில் இவ்வமோனியாவிற் பெரும்பகுதி நஞ்சு குறைந்த உருவில் இருக்கும். அக்குறி 8 ஆக உயரும்போது, நஞ்சான உருவில் இருக்கும் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்கு கூடும். வெப்பம் ஏறினாலும் அப்பங்கு ஏறும். மழைநீரையோ மென்னீரையோ பயன்படுத்தும் ஊர்களில் ஒரு மீன் தாங்கும் அழுக்கை, யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரில் வாழும் மீன் தாங்காமைக்கு இதுவே காரணம். வெளியூர்ப் புத்தகங்களிற் சொல்லியபடி கிழமைக்கு ஒருமுறை நீர் மாற்றியும் வால் அரிந்தது என்று வருந்துவோர் இதனைக் கருதுதல் வேண்டும்.

வயலிலே இட்ட யூரியா முதலில் அமோனியாவாகி, பின்னர் மண்ணிலுள்ள பற்றீரியாக்களால் நைத்திரைற்றாகவும் நைத்திரேற்றாகவும் மாறுதலைக் கமக்காரர் அறிவர். மீன்தொட்டியிலும் அதே வகைப் பற்றீரியாக்கள் அதே வேலையைச் செய்கின்றன. அவை கல்லிலும் மணலிலும் வடிகட்டியின் பஞ்சிலும் ஒட்டி வாழும். புதிய தொட்டியில் அவை நிலைபெற நாலு முதல் ஆறு கிழமைவரை செல்லும். அதுவரை அமோனியா சேரும். புதிய தொட்டியில் விட்ட மீனுக்கு இரண்டாம் மூன்றாம் கிழமையில் வால் அழுகத் தொடங்குவது இதனாலேயே பெரும்பாலும் நிகழ்வது. தொட்டியை ‘நன்றாக’ச் சுத்தஞ் செய்வதாக எண்ணிக் கல்லையும் பஞ்சையும் சவர்க்காரமிட்டுக் கழுவுவோர், அப்பற்றீரியாக்களை அழித்துத் தொட்டியைத் திரும்பவும் புதியதாக்கி விடுகின்றனர்.

குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பது நெடுங்காலமாக ஆய்வுகளிற் கண்ட உண்மை. செறிந்த தோட்டச் செய்கையும், பசளையும், மலகூடக் குழிகளும் இதற்குக் காரணங்கள். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை இலீற்றருக்கு 50 மில்லிகிராம். பாற்போத்தல் குடிக்கும் பச்சிளங் குழந்தையின் நலன் கருதி அவ்வெல்லை வகுக்கப்பட்டது. அமோனியாவோடு ஒப்பிடின் மீனுக்கு நைத்திரேற்று மென்மையான நஞ்சே. அது தானாக ஒரு வாலைக் கிழிப்பதில்லை. ஆயினும் கிணற்றிலேயே அது மிகுந்திருக்க, போத்தலிலும் சேர்ந்துகொண்டால், மீன் மெலிந்து நோய்க்கு இலகுவில் இரையாகும். மீன்கடைகளிற் கிடைக்கும் சோதனைத் தாளினால் மீன் நீரைச் சோதிக்கும் நாளிற் கிணற்று நீரையும் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நன்று. தாள் கடுஞ்சிவப்பாகுமாயின் அது மீனின் விடயம் மட்டுமன்று. வீட்டிற் கைக்குழந்தை இருப்பின் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்து நீரை முறைப்படி பரிசோதிப்பித்தல் வேண்டும்.

இன்னொரு வழக்கத்தையும் இங்கே கூறுதல் வேண்டும். நீர் வற்றியவுடன் வற்றிய அளவுக்கு மட்டும் ஊற்றி நிரப்புவோர் பலர். இது நீர் மாற்றுதல் ஆகாது. இரண்டு இலீற்றர்ப் போத்தலில் கிழமைக்கு அரை இலீற்றர் ஆவியாகின்றது எனக் கொண்டால், எட்டுக் கிழமையில் நாலு இலீற்றர் கிணற்று நீர் அதில் ஊற்றப்பட்டிருக்கும். நீர் போய்விடும், உப்பு நிற்கும். இரண்டு இலீற்றரில் ஆறு இலீற்றருக்குரிய உப்புகள், கண்ணாடியிற் படிந்தவை போக, தங்கிவிடும். வடிகால் இல்லாத நிலத்துக்கு இறைத்து இறைத்து உவராக்குவதும் இதுவும் ஒன்றே. பழைய நீரிற் பாதியை எடுத்துவிட்டுப் புதியதை இடுவதே மாற்றுதல் எனப்படும்.

சிதைவின் வகைகள்

மீனை ஒரு வெண்தாளின் முன்னே, பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தல் வேண்டும். நாள்தோறும் ஒரே நேரத்திற் கைத்தொலைபேசியினால் ஒரு படம் எடுத்துவைப்பது மிக உதவும். கண்ணின் ஞாபகம் ஏமாற்றும். படங்களை ஒப்பிடும்போது சிதைவு பரவுகின்றதா, நின்றுவிட்டதா என்பது மூன்று நாளில் தெளிவாகும்.

முதலாவது, கிழிவு. இது திடீரென ஏற்படும். கதிருக்கும் கதிருக்கும் இடையிலுள்ள மென்சவ்வு நேராகப் பிளந்திருக்கும். ஓரத்தின் நிறம் மாறியிராது. மீன் உற்சாகமாகத் திரியும், தீன் உண்ணும். கடினமான பிளாத்திக்குப் பூஞ்செடி, கூர்மையான சல்லிக்கல், உட்புறம் கரடான சிப்பி, வடிகட்டியின் உறிஞ்சுவாய், பிடிக்கும் முரட்டு வலை ஆகியவை காரணமாகலாம். ஒரு பழைய பட்டுத்துணியை அல்லது மெல்லிய காலுறையைத் தொட்டியிலுள்ள பொருளின்மேல் இழுத்துப் பார்த்தால், அது நூலைப் பற்றுமிடத்து வாலையும் பற்றும். அப்பொருளை எடுத்தெறிக. இரு ஆண் மீன்களை ஒரு போத்தலில் இடுதல், அல்லது அருகருகே உள்ள போத்தல்களுக்கிடையில் மட்டை வைக்காது விடுதல் என்பனவும் கிழிவுக்குக் காரணம். கண்ணாடியூடாக ஒன்றை ஒன்று நாள் முழுதும் கண்டு சீறும் மீன்கள், தொடாமலே ஒன்றை ஒன்று களைக்கச் செய்துவிடும்.

இரண்டாவது, தன் வாலைத் தானே கடித்தல். நம்புதற்கு அரிதாயினும் இது உண்மை. நீண்ட வாலுள்ள ஆண்களே இதனைச் செய்வன. மாலையில் முழுமையாக இருந்த வாலில், காலையில் அரைவட்ட வடிவமான துண்டொன்று இல்லாதிருக்கும். முன்புறச் செட்டைகளில், வாய் எட்டாத இடங்களில், ஒரு குறையும் இராது. நீரோட்டம் மிகுதல், இடம் போதாமை, ஓய்வின்மை, வாலின் பாரம் ஆகியன இதனைத் தூண்டும். இதற்கு மருந்து இல்லை. வடிகட்டியின் ஓட்டத்தைத் தணித்து, மறைவதற்கு ஓர் இலையோ மண்சட்டித் துண்டோ இட்டு, இரவில் விளக்கை அணைத்துவிடுவதே பரிகாரம்.

மூன்றாவதாகிய அழுகலே எல்லாவற்றிலும் கவனிக்கத்தக்கது. இது ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பரவும். ஓரம் ஒழுங்கின்றி அரித்தது போலிருக்கும். அங்கே கருமையோ, செம்மையோ, பால் போன்ற வெண்மையோ காணப்படும். நாளுக்கு நாள் செட்டை குறுகும். கதிர்கள் சவ்வை இழந்து ஈர்க்குப் போல நீட்டிக்கொண்டு நிற்பதும் உண்டு. நீரில் எப்போதும் வாழும் ஏரோமொனாசு, சூடோமொனாசு முதலிய பற்றீரியாக்கள் இதனை விளைவிப்பன. நலமுள்ள மீனை இவை ஒன்றுஞ் செய்யா. நாற்றுமேடையிலே ஈரம் மிகுந்து காற்றோட்டம் குறைந்தபோது மாத்திரம் நாற்றழுகல் தோன்றுவது போல, நீர் கெட்டு மீன் நலிந்தபோதே இவை தலையெடுக்கும். ஆகவே அழுகல் கண்டவுடன் ஐயுற வேண்டியது நீரையே.

நாலாவது, பஞ்சு போன்ற பூசணம். கிழிந்த அல்லது அழுகிய இடத்தின்மேல் வெண்பஞ்சு ஒட்டியது போலத் தோன்றும். இது பெரும்பாலும் பின்வந்து குடியேறுவதேயன்றி முதற் காரணமன்று. ஆனால் வாயைச் சுற்றியும் முதுகிலும் சாம்பல் வெண்மையான படை தோன்றி, ஓரிரு நாளிற் பரவி, மீன் உணவை மறுத்து மேற்பரப்பில் மூச்சுத் திணறுமாயின், அது பூசணமன்று. வேறொரு பற்றீரியா நோய். வெப்பம் மிகுந்த நீரில் அது மூன்று நாளுக்குள் கொல்லக்கூடியது. ‘நோயுற்ற மீனுக்குச் சூடு நல்லது’ என்ற எண்ணத்தில் வெயிலில் வைப்போர் இந்நோயில் மீனை விரைவாக இழப்பர்.

செட்டைகள் சிதையாமல் உடலோடு ஒட்டி மடிந்திருப்பது மற்றொரு குறி. பூட்டிய விசிறி போல மீன் கிடக்கும். குளிரும் நீர்க்கேடும் இதற்குப் பொதுவான காரணங்கள். இருளில் ஒரு கைவிளக்கைப் பக்கவாட்டிற் பிடித்துப் பார்க்கையில் உடலின்மேற் பொன்தூள் தூவியது போலத் தோன்றுமாயின், அது ஒட்டுண்ணி நோய். அதற்குச் சிகிச்சை வேறு.

நோயல்லாதவற்றை நோயென மயங்குவதும் உண்டு. சிதைந்த இடத்தின் விளிம்பில் நிறமற்ற, கண்ணாடி போன்ற மெல்லிய பாகம் தோன்றுவதைக் கண்டு சிலர் அஞ்சி மருந்திடுகின்றனர். அது புதிதாக வளரும் செட்டை; வெட்டிய மரக்கொம்பின் தளிர் போன்றது. அதனைக் காணின் மகிழவேண்டும். முடிவால் எனப்படும் வகையிற் கதிர்கள் இயல்பாகவே சவ்வைக் கடந்து நீட்டி நிற்கும், அதுவும் நோயன்று. சில நிற வகைகளிற் செட்டையோரம் பிறப்பிலேயே கருமையானது. வாங்கிய நாளில் எடுத்த படம் ஒன்று இருப்பின் இம்மயக்கங்கள் தீரும்.

பரிகாரம்

எவ்வகைச் சிதைவாயினும் முதற் சிகிச்சை சுத்தமான நீர். பத்து இலீற்றருக்குக் குறையாத ஒரு வெண்ணிறப் பாத்திரம் போதும். அது மருந்து, நாசினி, பசளை என்பன ஒருபோதும் தொடாத பாத்திரமாதல் வேண்டும். புதிதாகக் கட்டிய சீமெந்துத் தொட்டி உதவாது. அதிலிருந்து கசியும் சுண்ணாம்பு நீரைக் கடுங்காரமாக்கும். அத்தகைய தொட்டியில் வாழைத்தண்டுத் துண்டுகளையிட்டு நீர் நிரப்பி, பலமுறை மாற்றி, இரண்டு மூன்று கிழமை கழித்தே மீன் விடலாம்.

கிணற்று நீரை முதல்நாளே அகன்ற வாளியில் எடுத்து நிழலில் வைக்க. வெள்ளத்தின் பின்னர் அல்லது நோய்த்தடுப்பின் பொருட்டுக் கிணற்றுக்குக் குளோரீன் தூள் இடப்பட்டிருப்பின், மணம் முற்றாக நீங்கும்வரை அந்நீரைப் பயன்படுத்தலாகாது. சாதாரண அளவிற் குளோரீன் இட்ட நீர் இருபத்துநாலு மணித்தியாலம் திறந்து வைத்தால் தெளியும். அவசரமாயின் மீன்கடைகளில் விற்கும் குளோரீன் நீக்கும் திரவத்தைச் சிட்டையிற் கண்ட அளவில் இடலாம். மீனின் நீருக்கும் புதிய நீருக்கும் வெப்ப வேற்றுமை கைக்குத் தெரியாத அளவில் இருக்கவேண்டும். பலநாள் மாற்றாத பழைய போத்தலிலுள்ள மீனை ஒரே தடவையில் முழுப் புதுநீருக்கு மாற்றுதல் ஆபத்தானது. பழைய நீரிற் சேர்ந்த அமோனியா, காரமான புதுநீர் கலந்தவுடன் நஞ்சாக மாறும். உப்பளவு சடுதியில் மாறுவதும் மீனைத் தாக்கும். முதல்நாள் காற்பங்கு, அன்று மாலை இன்னொரு காற்பங்கு, அடுத்த நாள் முதல் மூன்றிலொரு பங்கு என்று மாற்றிவருக. இவ்வாறு ஒரு கிழமை மாற்றிய அளவிலேயே, மருந்து ஏதுமின்றி, பெரும்பாலான மெல்லிய அழுகல்கள் நின்றுவிடும்.

அழுகல் தெளிவாகத் தெரியுமாயின் உப்புச் சேர்க்கலாம். வாசனையோ மஞ்சளோ கலவாத சாதாரணக் கறியுப்பு ஏற்றது. ஆனையிறவுக் கல்லுப்பாயின் கரைத்து, மண் அடங்கவிட்டு, தெளிந்ததை எடுக்க. இலீற்றருக்கு 1 கிராம் தொடங்கி 2 கிராமுக்கு மேற்படாமல் இடுதல் வேண்டும். பத்து இலீற்றருக்கு மட்டமான இரண்டு தேக்கரண்டி ஏறத்தாழ 10 கிராமாகும். உப்பைத் தனியே கரைத்து அரைநாளிற் சிறிது சிறிதாகச் சேர்க்க. பத்து நாளுக்கு மேல் இச்சிகிச்சையை நீட்டலாகாது. நாள்தோறும் நீர் மாற்றும்போது, எடுத்த நீரின் அளவுக்கு மட்டும் உப்பிடுக. மூன்று இலீற்றர் எடுத்தால் மூன்று இலீற்றருக்குரிய உப்பே. பத்து இலீற்றருக்குரியதை நாளாந்தம் இட்டு மீனைக் கருவாடாக்கியவர் உளர். கடலை அண்டிய இடங்களில் கிணற்று நீரே உவர்ப்பாயிருப்பின், உப்புச் சேர்க்காது விடுதலே நன்று.

நாட்டுவாதுமையின் இலை ஒரு பழைய துணை மருந்து. வீட்டு வளவுகளிலும் கடற்கரையோரங்களிலும் குடை விரித்தாற்போல அடுக்கடுக்காகக் கிளைவிட்டு நிற்கும் இம்மரத்தில், தானாகப் பழுத்துச் செந்நிறமாகி விழுந்து காய்ந்த இலையே எடுக்கத்தக்கது. பச்சையிலை ஆகாது. நன்கு கழுவி, பத்துப் பதினைந்து இலீற்றருக்கு ஓர் இலை இட, நீர் தேநீர் நிறமாகும். அதிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் பற்றீரியாவையும் பூசணத்தையும் ஓரளவு தடுக்கும்; மீனும் அமைதியடையும். கொக்குவில் போன்ற வன்னீர்ப் பகுதிகளில் நீரின் காரத்தை இவ்விலை பெரிதாகக் குறைத்துவிடும் என எதிர்பார்த்தல் வீண். தோட்ட ஓரத்து மரமாயின், அண்மையில் அங்கே நாசினி விசிறப்படவில்லை என்பதை உறுதி செய்துகொள்க. மஞ்சள்தூள் இடும் வழக்கமும் சில வீடுகளில் உண்டு. மனிதரின் காயத்துக்கு அது எவ்வாறாயினும், போத்தலில் இடும்போது நீரைக் கலக்கி அடியிற் படிந்து அழுகுவதே அதன் பயன்.

நீர் மாற்றியும் உப்பிட்டும் ஐந்து நாளில் அழுகல் நில்லாது உடலை நெருங்குமாயின், அல்லது முற்கூறிய சாம்பற்படை கண்டால் உடனேயே, மிருக வைத்தியரின் ஆலோசனை பெறவேண்டும். வீட்டில் எஞ்சிய மனித மருந்துக் குளிசையை உடைத்து நீரிற் கொட்டுதல் கண்டிக்கத்தக்கது. அளவு தெரியாது, நோயை விளைத்த பற்றீரியா அதற்கு அடங்குவதா என்பதும் தெரியாது, தொட்டியை வாழவைக்கும் நற்பற்றீரியாக்கள் மட்டும் நிச்சயமாக அழியும். அரைகுறை அளவில் இட்ட மருந்துக்கு நோய்க்கிருமி பழகிவிடுதலை, ஒரே நாசினியைத் திரும்பத் திரும்ப விசிறிய தோட்டங்களிற் கமக்காரர் கண்டதுண்டு.

செட்டை மீள வளரும். கதிரின் அடி சேதமுறாதிருந்தால், ஒன்றிரண்டு கிழமையிற் கண்ணாடித் தளிர் தோன்றி, ஒன்றிரண்டு மாதத்திற் பெரும்பாலும் நிறையும். நிறம் பின்னரே ஏறும். பழைய நிறம் அப்படியே வராமலும் போகலாம். அழுகல் உடலைத் தொட்டு அடியையும் தின்றிருப்பின் அவ்விடம் வெறுமையாகவே நிற்கும். மீன் அக்குறையோடு வாழக்கூடும்.

தோட்டக்காரர் வீட்டுக்கே உரிய ஆபத்து

மற்றை வீடுகளில் இல்லாத ஓர் ஆபத்து கமக்காரர் வீட்டில் உண்டு. அது நாசினி. நெல்லுக்கும் காய்கறிக்கும் விசிறும் பூச்சிநாசினிகளுள் பைரெத்திரொயிட்டு வகையைச் சேர்ந்தவை மீனுக்கு மிகக் கொடிய நஞ்சு. செம்பு கலந்த பங்கசு நாசினிகளும் அவ்வாறே. இலையின் பூசணத்துக்கு இட்ட மருந்து வாலின் பூசணத்துக்கும் உதவும் என எண்ணி ஒரு துளி விடுவாராயின் அன்று மாலையே மீன் இறக்கும். மருந்து விசிறும் கருவியைக் கழுவிய வாளியை எத்தனை முறை கழுவினாலும் மீன் நீருக்கு எடுத்தலாகாது. விசிறிவிட்டு வந்தவர் சவர்க்காரமிட்டுக் கைகழுவி உடைமாற்றிய பின்னரே தீன் போடுக. நுளம்புக்கு அறையில் அடிக்கும் தெளிமருந்தும் இவ்வினத்ததே. சண்டை மீன் நீரின் மேற்பரப்பில் வாய்வைத்து வளி குடிப்பது. தெளிமருந்தின் படலம் படிவதும் அதே மேற்பரப்பில். ஆதலின் தெளிக்கும் அன்று போத்தலை வேறிடத்துக்கு எடுத்துச் செல்க. நாசினிப் போத்தலும் மீன் போத்தலும் ஒரே திண்ணையில் இருத்தல் மீனைவிடப் பிள்ளைக்கே பெருங்கேடு. மருந்து வேறாகப் பூட்டிவைக்கப்படல் வேண்டும்.

வயலிலும் வாய்க்காலிலும் பிடித்த சிறு மீனையோ, அங்கிருந்து அள்ளிய நீரையோ, பாசியையோ தொட்டியிற் சேர்த்தலும் நன்றன்று. 1987ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையின் நன்னீர் மீன்களிடையே புண்நோய் ஒன்று பரவி, விரால் முதலியவற்றை வெகுவாகத் தாக்கியது. ஆசியாவின் பல நாடுகளில் நெல்வயல் மீன்களை அழித்த அந்நோய்க்குக் காரணம் நீரில் வாழும் ஒரு பூசணம் என்பது பின்னர் உறுதிப்பட்டது. நோய் நீரோடும் மீனோடும் பயணஞ் செய்வது. அவ்வாறே, வளர்க்க மனமில்லாத சண்டை மீனைக் குளத்திலும் கிணற்றிலும் விடுதலும் ஆகாது. கடையில் வாங்கிய புதுமீனை இரண்டு கிழமை தனிப் போத்தலில், தனி வலையோடு வைத்துப் பார்த்த பின்னரே மற்றவற்றின் அருகே வைக்க.

நாளாந்தக் கவனம்

தீன் விடயத்தில் கைச்சிக்கனம் நன்று. வளர்ந்த மீனுக்குக் காலையில் மூன்று நாலு, மாலையில் மூன்று நாலு சிறு குளிகைகள் போதும். இரண்டு நிமிடத்தில் உண்ணாததை எடுத்துவிடவேண்டும். கிழமையில் ஒருநாள் பட்டினி போடுவதால் தீங்கில்லை. நுளம்புக் குடம்பிகளைச் சண்டை மீன் விரும்பி உண்ணும். ஆனால் மீனுக்கென்று சொல்லி வீட்டில் நீர் தேக்கி நுளம்பு வளர்த்தல் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். டெங்குக் காய்ச்சல் ஒவ்வொரு மாரியிலும் தலையெடுக்கும் யாழ்ப்பாணத்தில் இதனை எவரும் விளையாட்டாகக் கொள்ளார்.

நீரின் வெப்பம் 24 முதல் 28 பாகை வரை இருப்பது ஏற்றது. மார்கழி, தை இரவுகளில் யன்னற்படியிலுள்ள சிறு போத்தல் விரைவாகக் குளிரும். சித்திரைப் பகலில் அதே போத்தல் சுடும். ஓரிரு இலீற்றர் நீருக்குத் தாங்கும் சக்தி இல்லை. பதினைந்து இருபது இலீற்றருள்ள தொட்டி மெதுவாகவே மாறும். அறையின் உட்புறச் சுவரோரமே நல்ல இடம். மேலே வலையிட்டு மூடுக, ஏனெனில் இம்மீன் துள்ளும். துள்ளி விழுந்து சுவரோரம் கிடந்து வால் காய்ந்த மீனை நோயுற்றது என்று கொண்டுவருவோரும் உண்டு.

தொட்டியில் வேலை செய்யும் கையிற் புண் இருத்தலாகாது; மீன்நீரிலுள்ள சில கிருமிகள் மனிதத் தோலிலும் ஆறாப் புண்ணை விளைப்பன. குழாயை வாயால் உறிஞ்சி நீர் எடுத்தலும் தவிர்க்கத்தக்கது. நோயுற்ற மீனின் வலையையும் பாத்திரத்தையும் வெயிலில் நன்கு காயவைத்த பின்னரே வேறு மீனுக்குப் பயன்படுத்துக. இறந்த மீனை வாய்க்காலில் எறியாது கிணற்றுக்குத் தொலைவிற் புதைக்க.

உப்பும் மருந்தும் கலவாத பழைய மீன்நீரை வீணாக்க வேண்டியதில்லை. அதில் நைத்திரேற்று உண்டு; கீரைப் பாத்திக்கோ கத்தரிக்கன்றுக்கோ ஊற்றலாம். உப்பிட்ட நீரைப் பயிருக்கு ஊற்றாது, கிணற்றடியை விட்டு விலகிய வெறுநிலத்திற் கொட்டுக.